தமிழ்-சிங்கப்பூர்: நான் மூடிய ஒரு புகார்

மொழிக் குழுவில் புதிதாகச் சேரும் உங்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் ஒரு வரி இருக்கும்: "இரண்டு மொழிக்குறிகள் சமமா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்." அதற்குக் கீழே காரணம் எதுவும் இருக்காது. காரணத்தை எழுத வேண்டியவள் நான். எழுதாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். போன வாரம் உங்களில் ஒருவர், "அந்த வரி எதற்கு மேடம், சும்மா ஒரு நல்ல பழக்கமா?" என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். சும்மா இல்லை. இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நேற்றுத்தான் சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஒரு ஃபோன் தன் சொந்தக்காரருக்கு என்ன மொழி வேண்டும் என்பதை ஒரு குறியாகச் சொல்கிறது. தமிழ்-இந்தியா, தமிழ்-இலங்கை, தமிழ்-சிங்கப்பூர் என்று. முதல் பாதி மொழி, அடுத்த பாதி இடம். அந்தக் குறியைக் கையில் வைத்துக்கொண்டு, நம்மிடம் இருக்கும் மொழிபெயர்ப்புகளில் எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதுதான் நம் வேலை. எதுவுமே பொருந்தாவிட்டால் ஆங்கிலம். கேட்பதற்கு எல்.கே.ஜி. பாடம் மாதிரி இருக்கும். இதை வைத்துத்தான் இத்தனை வருடம் நான் சோறு தின்றேன்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் சொன்னதும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திண்டிவனம் வந்தேன். பிறந்தது விழுப்புரம். அப்பா அம்மா போன பிறகு அந்த ஊரில் எனக்கென்று ஒரு வாசல் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் சித்தப்பா குடும்பம் ஒன்று உண்டு. பத்திரிகை வைக்க மட்டும் ஃபோன் செய்வார்கள். திண்டிவனத்தில் ஒரு மாடி வீடு கிடைத்தது, இன்டர்நெட் நன்றாக வந்தது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுச் சொந்தக்காரர் பத்மாவதி அக்கா. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கணவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் ஜினதாஸ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். அக்கா எட்டாவது வரை படித்தவர். தமிழ் நாளிதழை டெண்டர் விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பார். ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். ஐந்தரைக்கெல்லாம் அக்கா இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார். எனக்கோ ஐந்து மணிக்குத்தான் முதல் கூட்டம் ஆரம்பிக்கும். நான் குடிவந்த புதிதில், "சுகுணா, ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போயேன்" என்று படிக்கட்டிலிருந்து கூப்பிடுவார். நான் மைக்கை அணைத்துவிட்டு "மீட்டிங்க்கா" என்று கத்துவேன். ஒரு வருடம் போலக் கூப்பிட்டார். பிறகு விட்டுவிட்டார். அப்போது எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்காவுக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. அதன் அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டிக்கொள்ளும். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பார்த்து மருத்துவர் அளவை மாற்றுவார். மாற்றியதை மருத்துவமனை தன் செயலி வழியாக அனுப்பும். அந்தச் செயலியின் மொழிப் பகுதி எங்கள் நிறுவனத்துடையது. அக்காவின் பழைய ஃபோனில் அதை ஏற்றிக் கொடுத்ததே நான்தான். நல்ல தமிழில் வருகிறதே, நீயா எழுதுகிறாய் என்று கேட்டார். நான் எழுதுவதில்லை, எந்த மொழியில் வர வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும்தான் என் வேலை என்றேன். அது ஒரு வேலையாகவே அவருக்குப் படவில்லை. தெருவில் நான் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு ஓய்வுக்கு ஆறேழு மாதம் இருந்தபோது சோதனைக் குழுவிலிருந்து ஒரு புகார் வந்தது. தமிழ்-சிங்கப்பூர் என்று அமைத்த ஃபோனில் செயலி ஆங்கிலத்தில் வருகிறது. காரணம் எனக்கு உடனே தெரிந்தது. எங்களிடம் இருந்த மொழிபெயர்ப்பின் குறி தமிழ்-இந்தியா. ஃபோன் கேட்டதோ தமிழ்-சிங்கப்பூர். இரண்டும் சமமா என்று நிரல் பார்த்தது. இல்லை என்றதும் ஆங்கிலத்தை எடுத்து நீட்டியது. அந்த வரியை எழுதியது நான். பல வருடங்களுக்கு முன்பு, ஓர் அவசரத்தில், "பிறகு சரிசெய்ய வேண்டும்" என்ற குறிப்போடு.

அது புதுப் பதிப்பு வெளியாகும் வாரம். தலைக்கு மேல் வேலை. புகாரின் கீழே நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பாதிக்கப்படுபவர்கள் மிகச் சிலர். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். அவசரமில்லை." எழுதிவிட்டுப் புகாரை மூடினேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அப்படி எழுத மற்ற யாரையும்விட எனக்கு உரிமை குறைவு. சேர்ந்த இரண்டாம் வருடமே இதே விஷயத்தில் அடி வாங்கியவள் நான். அப்போது பிரேசில் போர்த்துகீசியமும் போர்ச்சுகல் போர்த்துகீசியமும் ஒன்றுதான் என்று வைத்து ஒரு நிரல் எழுதி, வாடிக்கையாளர் கொதித்துப்போனார். பயந்துபோய் அடுத்த வாரமே எல்லாவற்றையும் கறாராகப் பிரித்து, முழுக்குறியும் அச்சாகச் சேர்ந்தால்தான் உண்டு என்று மாற்றினேன். எனக்கு மேலே இருந்தவர் அதைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். "போன வாரம் எல்லாரும் ஒண்ணுன்ன. இந்த வாரம் யாருக்கும் யாரும் ஆவாதுங்கற. ரெண்டுமே யோசிக்காம இருக்கறதுக்கு வழிதான்" என்றார். சமமா என்பது ஒரு கேள்வி, இந்த ஆள் இதைப் படிப்பாரா என்பது வேறு கேள்வி, நம்மைக் கேட்பது எப்போதும் இரண்டாவது கேள்வியைத்தான் என்றும் சொன்னார். பிறகு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. நான் தேடவும் இல்லை.

அந்தப் புகாரை மூடிய பிறகு ஒருநாள் காலை பத்து மணிக்கு என் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் போடுவது அக்காவின் வேலை, ஒருநாளும் தவறாது. எரிச்சலோடுதான் கீழே இறங்கினேன். எத்தனை மாதம் கழித்து அவர் வீட்டுக்குள் போகிறேன் என்று யோசித்துப் பார்த்தால் கணக்கு வரவில்லை. அக்கா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஒரு துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு முழுக்க ரத்தம். இரண்டு கைகளிலும் கன்றிப்போன திட்டுகள். நாலு நாளாகவே ஈறில் கசிகிறது, வெயில் சூடு என்று நினைத்தேன் என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஆம்புலன்ஸில் விழுப்புரம் போனோம். விக்கிரவாண்டி தாண்டும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. யாராவது என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நேரத்திலும் அது எனக்குத் தோன்றியது.

மருத்துவமனையில் உள்ளே கொண்டுபோனதும் ஒரு நர்ஸ் கணினியைப் பார்த்துவிட்டு என்னைக் கடிந்துகொண்டார். பத்து நாளைக்கு முன்பே மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பிறகு பாதியாக எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், இவர் 'புரிந்தது' என்று அமுக்கியும் இருக்கிறார், பிறகு ஏன் முழுசாகவே சாப்பிட்டார் என்று கேட்டார். அக்காவின் பையிலிருந்து ஃபோனை எடுத்தேன். புது ஃபோன். பொங்கலுக்கு வந்த ஜினதாஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மாடியில் இருந்த எனக்கு அதுகூடத் தெரியாது. ஃபோன் முழுக்கத் தமிழ். எங்கள் செயலியைத் திறந்தேன். அது மட்டும் ஆங்கிலம். நிறுத்து, பாதி, அவசரம் எல்லாம் ஆங்கிலத்தில். கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். பழைய ஃபோனிலும் அதே இடத்தில்தான் இருக்கும். அக்கா அதைத்தான் அமுக்கியிருந்தார்.

அமைப்புகளில் மொழி என்ற இடத்துக்குப் போனேன். தமிழ் (சிங்கப்பூர்) என்றிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபோனை வாங்கிய ஊர்தான் அந்தக் குறியில் இருந்தது. அதை வைத்திருக்கும் மனுஷி எங்கே இருக்கிறாள், என்ன படிப்பாள் என்று அந்தக் குறி ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் அது சொல்வதாக வைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று எழுதினேன்.

அங்கிருந்தே குழுத் தலைவரிடம் ஃபோனில் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை, வேகமானவர். முதல் பாதியை மட்டும் ஒப்பிடு, மீதியை வெட்டிவிடு, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றார். எனக்கும் கை பரபரத்தது. உள்ளே ஒரு ஆள் ரத்தம் போய்க்கொண்டு கிடக்கும்போது அந்தப் பத்து நிமிடம் எப்படி இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியவே வராமல் இருக்கட்டும். ஆனால் வெட்டினால் என்ன ஆகும்? சில குறிகளில் மொழிக்குப் பிறகு எழுத்தின் பெயர் வரும். பஞ்சாபியை ஒரு பக்கம் குர்முகி எழுத்தில் எழுதுகிறார்கள், இன்னொரு பக்கம் அரபு எழுத்தில் எழுதுகிறார்கள். பேசினால் இருவருக்கும் புரியும், எழுதினால் ஒருவருடையதை மற்றவர் படிக்க முடியாது. மீதியை வெட்டினால் அக்காவுக்குத் தமிழ் வரும், முகம் தெரியாத வேறொருவருக்குப் படிக்க முடியாத எழுத்தில் மாத்திரை அளவு போகும். அவரும் பச்சைப் பொத்தானை அமுக்குவார்.

அதனால் வெட்ட மாட்டேன் என்றேன். தமிழ்-சிங்கப்பூர், தமிழ்-மலேசியா, தமிழ்-இலங்கை மூன்றுக்கும் தமிழையே கொடு என்று பெயர் சொல்லி மூன்று வரி சேர்த்தோம். அதனால் யாருக்கும் கெடுதல் வராது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அன்று மதியமே வெளியிட்டோம். இடத்தை விடலாம், எழுத்தை விடக்கூடாது, எதுவும் பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குப் போகாமல் அந்த ஆளையே கேட்க வேண்டும் என்ற முழு விதியை அடுத்த வாரம் நிதானமாக எழுதினோம். நீங்கள் இப்போது பார்க்கும் நிரல் அதுதான்.

சண்டை வந்தது அடுத்த விஷயத்தில். கேட்ட மொழி கிடைக்காமல் ஆங்கிலம் கிடைத்தவர்கள், அதிலும் 'புரிந்தது' என்று அமுக்கியவர்கள் எல்லோருக்கும் மருத்துவமனை நேரில் ஃபோன் செய்ய வேண்டும் என்றேன். தலைவரோ, எழுதிக் கொடுத்தால் நம் தப்பு என்று ஒத்துக்கொண்டதாக ஆகும், மேலிடத்தில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நாளைக்கு என்றால் எல்லோரும் இன்று சாயங்காலம் இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். வராண்டாவில் உட்கார்ந்து, மருத்துவமனைக்கு நானே எழுதினேன். என்ன நடந்தது, யார் எழுதிய வரி, யார் மூடிய புகார் என்று என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவர்கள் அன்றைக்கே கூப்பிட ஆரம்பித்தார்கள். பட்டியல் சிறியதுதான். ஒருவர் மட்டும் ஃபோனை எடுக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மேலிடத்துக்கு என் மேல் வருத்தம். கடைசி நாள் வழியனுப்பு, திரையில் சில முகங்களும் நிறைய அணைத்த கேமராக்களுமாக, கால் மணி நேரத்தில் முடிந்தது. அதில் எனக்குப் புகார் இல்லை.

அக்கா தப்பித்தார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மூளையில் கசிந்திருக்கும் என்றார் மருத்துவர். மூன்றாம் நாள் ஜினதாஸ் வந்து சேர்ந்தான். தாடியோடு, தூக்கம் இல்லாத கண்களோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான்தான் ஆன்ட்டி தப்பா செட் பண்ணிக் குடுத்துட்டேன். தமிழ்னு பாத்துதான் அமுக்கினேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல."

அக்கா அவன் தலையைத் தடவினார். நான் எதிர் ஸ்டூலில் இருந்தேன். அவனை அப்படியே நம்ப விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. மருத்துவமனைக்கு எழுதும்போது எனக்குப் பயமே இல்லை. அங்கே படிப்பவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது. இது நான் திரும்பிப் போக வேண்டிய வீடு. திண்டிவனத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் அந்தக் கட்டிலில் படுத்திருந்தார். சொன்னால் அதுவும் போய்விடும் என்று பயமாக இருந்தது. ஆனால் அவன் ஆயுசுக்கும் அம்மாவைக் கொல்லப் பார்த்தவனாகத் தன்னை நினைத்துக்கொள்வானே என்றும் இருந்தது.

அவன் செய்ததில் தப்பே இல்லை என்றேன். அவன் சரியாகத்தான் தமிழைத் தேர்ந்தெடுத்தான், சிங்கப்பூர் என்று சேர்த்துக்கொண்டது ஃபோன், அதைப் பார்த்து ஆங்கிலத்தைக் கொடுத்தது நான் எழுதிய நிரல். தப்பு என்று சோதனைக் குழு முன்பே சொன்னது, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று எழுதி அதை மூடியதும் நான். எல்லாவற்றையும் சொன்னேன். நான் அக்காவிடம், ஆங்கிலத்தில் வந்ததும் என்னிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"நீ மீட்டிங்ல பேசிக்கினு இருப்ப. உன்ன எதுக்குப் பேஜாரு பண்ணணும்னு உட்டுட்டேன்" என்றார் அக்கா. பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்: "நான் சிங்கப்பூர்லயா இருந்தேன்? உன் கீழயேதானம்மா இருந்தேன்."

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் என்னிடம் முகத்தைத் திருப்பவில்லை. காலையில் மோட்டார் போடுகிறார். மல்லாட்டை வேகவைத்தால் ஒரு கிண்ணம் படிக்கட்டில் வைக்கிறார். ஜினதாஸ் திரும்பிப் போகும் முன் செயலியைத் திறந்து காட்டினான். அதே தமிழ்-சிங்கப்பூர் குறியோடு, நல்ல தமிழில் வந்தது.

இப்போதும் பரிசோதனை முடிந்த நாளில் தமிழில் செய்தி வரும். மாடியிலிருந்து எனக்குத் தெரியும். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுசாகப் படிப்பார். படித்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்கு மெதுவாக நடந்துபோய், கடைக்காரரிடம் ஃபோனை நீட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொல்வார். தினம் நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷி. வெயிலில் போய் வெயிலில் வருவார்.

போன மாதம் பொறுக்க முடியாமல் இறங்கிப்போய், "நான் படிச்சுச் சொல்றேங்க்கா, இதுக்குப் போயி கடை வரைக்கும் நடக்கணுமா?" என்றேன்.

"பரவாயில்லம்மா. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

எனக்கு வேலை முடிந்து நாலு மாதம் ஆகிறது. அது அவருக்குத் தெரியும்.